ஒன்றாக வந்த இரண்டு பிழை எண்கள்

வண்டியில் எந்தப் பிழை எண் வந்தாலும் அதை அழிக்கிற பொத்தான் பக்கம் மெக்கானிக் இனோசி விரலைக் கொண்டுபோக மாட்டான். ஜப்பானில் மண் வாரி அலுத்த எக்ஸ்கவேட்டர்கள் கப்பலேறி பிஜித் தீவுகளில் லம்பாசாவுக்கு வந்து இறங்கும். விற்கிறவன் எண்களைத் துடைத்துவிட்டு விற்பான். வாங்கியவனும் சிவப்பு விளக்கு எரிந்தால் துடைத்துவிட்டு ஓட்டுவான். அப்புறம் நடுக்காட்டில் வண்டி படுத்துக்கொண்டால் இனோசிக்கு ஆள் வரும்.

"அழிச்சுட்டு என்னைக் கூப்பிடாதீங்கய்யா! என்ன வியாதின்னு நான் எதைப் பாத்துச் சொல்றது?" என்று வனுவா லேவு தீவு முழுக்கக் கத்தித் திரிந்தவன் அவன். திரையில் இருப்பது ஜப்பானிய எழுத்து, அவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. எண்கள் போதும். எது வந்தது, கூடவே எது வந்தது என்று சாக்குக்கட்டியால் வண்டியின் கைமேலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவான்.

அப்பேர்ப்பட்ட மனிதன் அந்த வியாழக்கிழமை காலையில், ஆட்கள் சுற்றி நிற்கும்போதே, முதல் வேலையாக எண்களை அழித்தான்.

காரணம் அவன் மனைவி உனாய்சி. ஆஸ்திரேலியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. போய் மூன்று வருடம் ஆகி, இப்போதுதான் முதல் விடுப்பில் வந்திருந்தாள். அந்த மூன்று வருடமும் இனோசி போனில்தான் குடும்பம் நடத்தினான். சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி உட்காருவான். பாதிப் பேச்சில் அவள் முகம் திரையில் உறைந்துபோகும். இணைப்பு போய்விட்டது என்று தெரிந்தும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பைத்தியக்காரன்தான், வேறென்ன சொல்ல!

வந்த விடுப்பு கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிப்போயிற்று. அவள் கிளம்ப வேண்டிய வாரத்தில், மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு பேய்மழை கொட்டி, மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. ஊரைவிட்டு வெளியே போக அது ஒன்றுதான் வழி. நடந்து கடக்கலாம் என்றால் சேறு இடுப்பு வரை இழுக்கிறது, கீழே ஆறு. சனிக்கிழமை விமானத்தை விட்டால் வேலை போய்விடும் என்று ஏஜென்ட் முன்பே கறாராகச் சொல்லியிருந்தான். ஊருக்குள் இருந்ததோ பிசுன்தேவின் ஜல்லிக் குவாரியில் ஒரே ஒரு எக்ஸ்கவேட்டர். அது கொஞ்ச நேரம் வாரிவிட்டு, எஞ்சின் முக்கி முனகி, சிவப்பு விளக்கோடு நின்றுவிட்டது.

இனோசி திரையைப் பார்த்தான். இரண்டு எண்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தவை. இரண்டு சென்சார் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகச் சாகாது. இரண்டுக்கும் மின்சாரம் கொண்டுபோகிற ஒயர் ஒன்றுதான், அது எங்கேயோ உரசித் தோல் கிழிந்திருக்கிறது. எங்கே என்பதும் அவனுக்குத் தெரியும், கேபினுக்குப் பின்னால், குழாய் திரும்புகிற இடத்தில். அரை மணி நேர வேலை. அரை மணியில் வண்டி ஓடும், ரோடு திறக்கும், அவள் போய்விடுவாள். விரல் தானாகப் போய் எண்களை அழித்துவிட்டது.

"டேய், நீயா அழிச்ச? உங்க ஊர்ல மூளையைப் பன்னிக்குப் போட்டு வளக்குறீங்களா?" என்றான் வண்டி ஓட்டுகிற வைசாகே. இரண்டு பேர் ஊருக்கும் நடுவில் 'தவ்வு' என்கிற கேலி முறை உண்டு. எவ்வளவு கேவலமாக வைதாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மற்ற நாளாக இருந்தால் இனோசி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பான்.

"போடா, வேலையப் பாக்க விடு" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

நல்லாயிருந்த சென்சாரைக் கழற்றினான், துடைத்தான், மறுபடி மாட்டினான். பிசுன்தேவ் குடையோடு வந்து நின்றார். "என்னப்பா, ஆகுமா ஆகாதா? கடையில மாவு தீந்துபோச்சு. ஊரே என்னைத் திட்டுது."

"தேடிக்கிட்டுதான் இருக்கேன், பாஸ்." சொல்லும்போதே காது சுட்டது.

மத்தியானம் உனாய்சி வேகவைத்த மரவள்ளியும் தேங்காய்ப்பால் ஊற்றிய டின் மீனும் கொண்டுவந்தாள். வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"எதை?"

"என்கிட்டயேவா? தேடுற அன்னிக்கு நீ ஒரு வாய் சாப்பிட்டு நான் பாத்ததில்ல. இன்னிக்குத் தட்டை வழிச்சு வச்சிருக்க."

இனோசி தலையைக் குனிந்துகொண்டான். "காலைலயே."

அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் செம்மண் சரிவைப் பார்த்தாள். "போகாதேன்னு ஒரு தடவை சொல்லேன், இனோசி."

வாய்வரை வந்துவிட்டது. அங்கே வேலையோடு இன்னும் ஒரு வருடம் படித்தால் அவள் நர்ஸ். அதைப் பற்றிப் பேசும்போது போன் திரையில்கூட அவள் முகம் மின்னும். அவன் சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அதுதான் அவனுக்குப் பயம்.

"நாளைக்குக் காலைல ஒயரை மாத்திடறேன். இன்னிக்கு மட்டும் விடு" என்றான்.

"ஊரு மாவு இல்லாம கிடக்கே."

"மரவள்ளி இருக்குல்ல. ஒரு ராத்திரியில யாரும் செத்துட மாட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். கிரீஸ் கையென்றும் பாராமல் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பாறைக்குப் போகவில்லை, போனை எடுக்கவில்லை, வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒயரை மாற்றினான். சிவப்பு விளக்கு அணைந்தது. வைசாகே மண்ணை வாரத் தொடங்கி, மூன்று மணிக்கெல்லாம் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்துவிட்டான். மறுபக்கம் லம்பாசாவுக்குப் போகும் கேரியர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இனோசி அவளோடு நடந்தான். எக்ஸ்கவேட்டரைத் தாண்டும்போது வைசாகே எஞ்சினைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"நேத்து நீ அழிச்சப்பவே எனக்குத் தெரியும்டா, களவாணி!"

"அப்புறம் ஏன்டா சும்மா இருந்த?"

"என் பொண்டாட்டி நியூசிலாந்துல இருக்காடா" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

லாரிக்காரன் அவசரப்படுத்தினான். இனோசி பெட்டியைத் தூக்கி வைத்தான். லாரியின் பலகையைப் பிடித்தபடி நின்றான். உனாய்சி மேலிருந்து குனிந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அடுத்த தடவை ஜனவரியில லீவு கேக்குறேன்" என்றாள். "அப்பதான் நல்லா மழை பெய்யும்."