மூட்டையைச் சுற்றிப் போகும் கார்

பட்டாளத்தில் அவர் ஓட்டியது தண்ணீர் லாரி. ஊர் திரும்பியதும் மச்சினன் அவரைத் தன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக அமர்த்தி, வாசலுக்கு மேலே ஆளுயர விளம்பரப் பலகையும் மாட்டினான். அதில் அவர் பீரங்கி வண்டியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். உடம்பு யாருடையதோ, தலை மட்டும் அவருடையது, கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி ஒட்டியது.

"மாப்ளே, நான் பீரங்கியத் தொட்டதுகூட இல்லடா."

"தண்ணி லாரி மேல நின்னா யாரு மாமா நம்மகிட்ட கத்துக்க வருவாங்க?"

ஊரே அவரைப் பட்டாளத்தார் என்று கொண்டாடியது. கொண்டாட்டம் என்றால் பெரும்பாலும் கேள்விதான். எத்தனை பேரைச் சுட்டீங்க என்று முடிவெட்டுபவர் கேட்டார். பதில் வராததால் தானே ஓர் எண்ணிக்கை வைத்துக்கொண்டார். அடுத்த நாற்காலிக்காரரிடம் சொல்லும்போது அது இரட்டிப்பானது.

பாடம் நன்றாகத்தான் எடுத்தார். ஒரே ஒரு சங்கடம்: சாலையில் சாக்கு, குப்பைப்பை, தோண்டி மூடிய பள்ளம் என எதைக் கண்டாலும் வண்டியை நிறுத்தச் சொல்வார். பிறகு எதிர்ப்பக்கம் ஏறிச் சுற்றிப் போக வேண்டும். ஏன் என்று சொல்லமாட்டார். மாணவர்களும் பயபக்தியோடு கற்றுக்கொண்டார்கள். யாரோ தவறவிட்ட காய்கறிப் பைக்கு முன்னால் கார்கள் வரிசையாக மரியாதை செலுத்தி நின்றன. மச்சினன் சும்மா இருப்பானா? 'ராணுவ முறைப் பயிற்சி' என்று பலகையில் ஒரு வரி சேர்த்தான். லைசென்ஸ் அதிகாரி மட்டும் ஒருவருக்கும் பாஸ் போடவில்லை.

அதிக முறை கோட்டைவிட்டவர் தையல்கடைக்காரம்மா. ஒருநாள் காலைப் பயிற்சியில் நடுச்சாலையில் ஒரு மூட்டை கிடந்தது. பட்டாளத்தார் வழக்கம்போல், "நிறுத்துங்க, சுத்திப் போங்க" என்றார். அம்மா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"கிட்ட போகாதீங்க!"

அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா மூட்டையைக் காலால் புரட்டி, அவிழ்த்தும் பார்த்தார்.

"சார், இது என் கடை வெட்டுத்துணிதான். குப்பை வண்டியிலருந்து விழுந்திருக்கு."

பட்டாளத்தார் இருக்கைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் மடங்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். நாட்டுப்பற்று மிக்க ஒருவர் வீடியோ எடுத்தார். அம்மா கதவைத் திறந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான்தான் முன்னாடி போயிருக்கணும். என் லாரி டயர் பஞ்சர். 'நீ மாத்திட்டு வா, நான் போறேன்'னு கிளம்பினான். ரோட்ல ஒரு சாக்கு கிடந்துச்சு. ஏத்திட்டான். உள்ள குண்டு இருந்துச்சு."

"சிநேகிதரா?"

"ஒரே தட்டுல சாப்பிடுவோம்."

அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. "மனநல டாக்டரப் போய்ப் பாருங்க சார். உங்களுக்குச் சரியானாத்தான் எனக்கு லைசென்ஸ்" என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்தே வந்தது.

டாக்டரிடம் போனார். வீட்டில் பஞ்சாயத்து கூடியது. "பட்டாளத்துக்காரனுக்கு மனசு கெட்டுப்போகுமா?" என்று சித்தப்பா அதிசயப்பட்டார். மனைவி அக்கம்பக்கத்தில் பல் டாக்டரிடம் போகிறார் என்று சொல்லிவைத்தாள். அவர் வாராவாரம் போய்வர, இந்த மனுஷன் வாயில் எத்தனை பல்தான் இருக்கிறது என்று எதிர்வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. மச்சினனின் கவலை வேறு.

"வெளிய தெரிஞ்சா, பைத்தியம் கார் ஓட்டச் சொல்லித்தருதும்பாங்க மாமா."

"பீரங்கி மேல அடுத்தவன் உடம்போட நிக்க வெச்சியே, அது மட்டும் தெளிவாடா?"

ஏணி போட்டு ஏறிப் பலகையை அவரே கழற்றினார். ஆச்சரியம், ஆட்கள் வருவது நிற்கவில்லை.

தொலைந்துபோன தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, தினமும் அல்ல. செத்துப்போன சிநேகிதனைப் பற்றி மனைவியிடம் முதன்முதலாகச் சொன்னார். அவள் வெகுநேரம் அவர் கையை விடவில்லை. மறுநாளிலிருந்து பல் கதையை விட்டுவிட்டாள். சிறிய பைகளை அவரால் தாண்ட முடிந்தது. பெரிய மூட்டைக்கு இன்னும் சுற்றுவழிதான். "சுத்துறது என் வியாதி. நீங்க நேராப் போங்க" என்று மாணவர்களிடம் சொல்லப் பழகினார்.

அடுத்த தேர்வில் தையல்கடைக்காரம்மா குப்பை, பள்ளம் எல்லாவற்றையும் நேராகக் கடந்தார். கடைசியில் ரிவர்ஸ் எடுக்கையில், லைசென்ஸ் ஆபீஸ் சுவரிலேயே டமாரென்று மோதினார். ஓரமாக நின்ற பட்டாளத்தாரின் கைகள் தலையை மூடப் போயின. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, நடந்து போய்க் குனிந்து பார்த்தார்.

"பின்னாடி லைட்டு போச்சு. வேற ஒண்ணுமில்ல, இறங்குங்க."

"இந்தச் சுவத்த எவன் சார் இங்க கொண்டாந்து வெச்சான்?" என்றார் அம்மா.