ஸ்கேனுக்கு வந்த விருந்தாளி

அபர்டீன் பஜாரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை. போனில் நேரம் குறித்துக் கொடுப்பதும், வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய்ப் படுக்க வைப்பதும் என் பொறுப்பு. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் தன் மனைவிக்காகப் போன் செய்தபோது எதிரே கூட்டம் நின்றது. "வயித்து ஸ்கேன்தானே? காலி பேட்ல, வெறும் வயித்தோட வரணும். சோறு கீறு சாப்பிடாம வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

அந்த அக்கா தனியாகக் கப்பலேறி வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வலது விலாவுக்குக் கீழே மாதக்கணக்கில் வலி. படுக்க வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன்.

"காலையில எதுவும் சாப்பிடலையே அக்கா?"

"இல்ல தங்கச்சி. கப்பல விட்டு எறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சேன், அவ்வளவுதான். ரெண்டு பிஸ்கட்டு."

"பால் டீயா?"

"ஆமா. தேத்தண்ணியும் சாப்பாட்டுல சேத்தியா?"

டாக்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பால் உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கியிருந்தது. சுருங்கிய பைக்குள் கல் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சாயங்காலம் மறுபடி பார்க்கலாம், அதுவரை தண்ணீர் மட்டும் என்றார். பிறகு என்னிடம், "ஆப்னே பதாயா நஹீ?" என்றார். நீங்கள் சொல்லவில்லையா?

"பதாயா தா சார்" என்றேன். சொல்லியிருந்தேன் என்று.

"மேரா கல்தி சார்" என்று அந்த அக்கா படுத்தபடியே தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மறுநாள் அவருக்குக் கப்பல். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்க மனம் வரவில்லை. மதிய இடைவேளையில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

என் கணவருக்கு அன்று விடுமுறை. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவர் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, வறுத்த மீனையும் வைத்து அக்காவின் கையில் தட்டைக் கொடுத்திருந்தார். "சாப்பிடுங்கக்கா, கூச்சப்படாதீங்க" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் போய்த் தட்டை வாங்கிவிட்டேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு. பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்ன பண்ற நீ?" என்றார் கணவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போனது. "எனக்கு எப்படித் தெரியும்?" என்று வாசலுக்குப் போய்விட்டார்.

"ஆசையா குடுத்தாரு. வேணாம்னு எப்பிடிச் சொல்றது?" என்றார் அக்கா. "நீங்க போய்ச் சாப்பிடுங்க தங்கச்சி. வேலைக்குப் போகணும்ல."

அடுப்படிக்குள் போய், நின்றுகொண்டே, அதே தட்டிலிருந்து சாப்பிட்டேன். பசித்தது. தட்டில் விரல் படும் சத்தம்கூட வெளியே கேட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை.

சாயங்காலம் பித்தப்பை நன்றாக விரிந்து திரையில் கருப்பாகத் தெரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கற்கள். "அப் சாஃப் திக்தா ஹை" என்றார் டாக்டர். தெளிவாகத் தெரிந்ததில் எனக்கும் ஒரு கணம் சந்தோஷம். கல் இருப்பது யாருடைய வயிற்றில் என்று உறைத்ததும் கூசிப்போனேன்.

வெளியே வந்ததும் பஜாரில் ஒரு கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். கல்லுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், அதுவரை எண்ணெய், கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார் டாக்டர். தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்தை நானே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, சாம்பாரில் தொட்டுச் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் போனில் டீ, பால், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கேட்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

சில வாரம் கழித்து ஆபரேஷனுக்காக அவர் மறுபடி வந்தார். வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். அன்றைக்கே ஆபரேஷன், பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

"உங்களப் பாத்தாலே எனக்குப் பட்டினிதான் தங்கச்சி" என்று அக்கா சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தபடி, பழப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.