ஆறு ஆண்டுகள் மிச்சமிருந்த சில்லு

சென்ற ஆண்டு என் அக்காவின் மின்சார சக்கர நாற்காலி நின்றுபோனது. மோட்டார் நன்றாக இருந்தது, பேட்டரியும் புதிது. ஜாய்ஸ்டிக் கைப்பிடியின் அசைவை அறிந்து மோட்டாரை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லுதான் பழுது. அந்த ரகத்தை இப்போது யாரும் செய்வதில்லை.

அக்கா ஜார்ஜ் டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பிறர் தள்ளும் நாற்காலிக்கு மாறிய பிறகு, கழிப்பறைக்குப் போகவும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. பகலில் தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், இத்தகைய நாற்காலிகளுக்கான மின்பலகைகளை வடிவமைக்கிறேன். புதிய பலகையின் முதல் மாதிரி அக்காவுக்கு என்று மேலாளர் ஒத்துக்கொண்டிருந்தார். சில்லைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் போட்டேன்: இத்தனை ஆண்டு தொடர்ந்து கிடைக்கும் என்ற விநியோக உறுதி எழுத்தில் உண்டா, அதே இடத்தில் பொருந்தும் மாற்று உண்டா, எத்தனை ஆலைகளில் செய்கிறார்கள். முதலில் வந்த சில்லுக்குப் பதினைந்து ஆண்டு உறுதி. பலகையை வரைந்து முடித்தேன்.

ஞாயிறு காலை வீட்டில் அக்கா என் கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"பதினஞ்சு வருசம் எப்பலேருந்து?"

"நாம வாங்குறதுலேருந்து."

"அப்படியா போட்டிருக்கு? எங்க இன்சூரன்ஸ் கஸ்டமருங்களும் இப்படித்தான்லா நெனைப்பாங்க. கீழ சின்ன எழுத்தப் படி."

படித்தேன். சில்லு சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. அது வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேறு சில்லு என்றால் எல்லாம் முதலிலிருந்து. மாதிரி செய்ய ஒரு தடவைதான் அனுமதி; இதை அக்காவுக்குச் செய்துவிட்டுப் பிறகு சில்லை மாற்ற முடியாது. அக்கா இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

"ஆறு வருசம் போதும்க்கா," என்றேன்.

"எனக்குப் போதும். அஞ்சு வருசம் கழிச்சு வாங்குறவளுக்கு?"

"அவள நான் பார்த்ததே இல்ல. உன்னத்தான் தினமும் பாக்குறேன்."

"அதான் உன் புத்தி மழுங்கிப் போச்சு. மாத்துடி."

மறுநாள் மேலாளரிடம் என் தவறைச் சொன்னேன். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். இன்னொன்றும் கேட்டேன்: இரண்டு மாதத்துக்கு மதியம் நீண்ட இடைவேளை, ஈடாக மாலையில் வேலை.

தினமும் ஒரு மணிக்கு அவளுடைய அலுவலகத்தில் நிற்பேன்.

"பாருங்க, இன்ஜினியர் அம்மாவுக்கு வேலையே இல்ல," என்று அக்கா சக ஊழியர்களிடம் சிரிப்பாள். கழிப்பறைக்குப் போகும் தாழ்வாரத்துக்கு வந்ததும், தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கைப்பிடியிலிருக்கும் என் விரல்களைத் தொட்டுக்கொள்வாள். நான் மெதுவாகவே தள்ளுவேன்.