காப்புக் கட்டிய கை

அம்மன் திருவிழாவுக்கு நான் கையில் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், என் நான்கு வயது மகள் வள்ளிக்குத் தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. எங்கள் ஊர் அமராவதிபுதூருக்குப் பக்கம். என் மனைவி ஆளனுப்பியதும் காரைக்குடியிலிருந்து வெள்ளைக்கார டாக்டரம்மா மாட்டுவண்டியில் வந்துவிட்டார். சீமையில் வைத்தியம் படித்தவர். இங்கே வந்து தமிழ் கற்றவர்.

"இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்," என்றார்.

காப்புக் கட்டிய வீட்டார் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. "அஞ்சு நாள் போகட்டும் டாக்டரம்மா, கூட்டியாரேன்," என்றேன்.

"அவ்வளவு நாள் இவள் தாங்க மாட்டாள், ஐயா. நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். நீங்கள் இந்த எல்லையைத் தாண்ட மாட்டீர்களா?"

"போயிருவோமே, எந்திரிங்க," என்று என் மனைவி அழுதாள். நான் அசையவில்லை.

டாக்டரம்மா திரும்பிப் போகவில்லை. வள்ளியை மடியில் கிடத்தி, கைவசமிருந்த மருந்தைத் தொண்டைக்குள் தடவிக்கொண்டே இருந்தார். பொழுது சாயும் நேரம், அந்த மடியிலேயே என் குழந்தையின் மூச்சு நின்றது.

சாவுத் தீட்டு வந்த வீட்டில் காப்பு இருக்கக் கூடாது. பூசாரி தெருவில் நின்றபடியே அதை அவிழ்க்கச் சொன்னார்.

"பிள்ளைக்கு நோவுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா? ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டு அப்பவே அவுத்திருக்கலாமே. முன்னாடியும் அவுத்திருக்கோமே."

நான் கேட்கவே இல்லை.

இன்றும் கோயிலுக்குப் போகிறேன். அம்மன் சந்நிதியில் நின்றால் வேண்டுதல் எதுவும் வாயில் வருவதில்லை. அன்றைக்குக் கேட்காதவன், இனி அவளிடம் என்ன கேட்பது?