வெள்ளிக்கிழமை புறப்பட்ட படகுகள்

நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில். அம்மாவின் தம்பியான மாமா, எஸ்டேட் துரையின் பங்களாவில் தோட்டக்காரர். துரைசாணி வரைந்து, பிடிக்காமல் ஒதுக்கிய படமொன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஏதோ ஒரு தீவின் துறைமுகம். மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நாங்களும் தீவில்தான் இருக்கிறோம் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

மாமா அதை முருகனுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். அடுத்த காம்பராப் பெரியம்மா, எதற்கும் இருக்கட்டுமென்று அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். நானோ வாய்பிளந்து நின்றேன். எங்கள் மலையில் தண்ணீர் என்றால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவ்வளவு தண்ணீர் ஓரிடத்தில் நிற்கும் என்பதை நம்பவே முடியவில்லை.

இந்தியாவுக்கே போய்விடுவதென்று மாமா எழுதிக் கொடுத்திருந்தார். பிரஜாவுரிமை இல்லாத மண்ணில் எத்தனை காலம் அடுத்தவன் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்பது அவர் கட்சி. இங்கேயே பிறந்தவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பது அம்மாவின் கட்சி. பேச்சு முற்றும்போதெல்லாம் மாமா என்னைத் தூக்கி ஒரு படகைக் காட்டி, இதில்தான் போகப்போகிறேன் என்பார். இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் நிற்பது பெரிய கப்பல் என்று அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாமி படங்களை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பாள். நீர்வண்ணத்தில் வரைந்த, கண்ணாடி இல்லாத படகுப் படத்தை மட்டும் காய்ந்த துணியால் தட்டிவிடுவாள். மாமாவுக்குப் பயண நாள் குறித்து வந்த வாரம், அதன் மேலும் ஈரத்துணியே போனது.

கடல் கரைந்து சுவரில் வழிந்தது. படகுகள் அசைந்து, ஒன்றோடொன்று கலந்து, காணாமல் போயின. அப்படியோர் அதிசயத்தை இன்றுவரை நான் கண்டதில்லை. படகுகள் புறப்பட்டுவிட்டன என்று லயம் முழுக்க ஓடிச் சொன்னேன்.

வேலைவிட்டு வந்த மாமா, கறை மட்டும் மிஞ்சிய தாளைப் பார்த்தார். அம்மா நீலம் படிந்த கையைச் சேலைக்குள் மறைத்தாள். மாமா கோபப்படவில்லை.

"படத்த அழிச்சிட்டா கப்பல் நின்னுருமாக்கா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அட்டன் ஸ்டேஷனில் ரயிலேறிய மாமாவின் முகம் வாடிக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலை எட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"பயப்படாதீங்க மாமா. படகெல்லாம் அன்னைக்கே போயிருச்சு. அங்கிட்டுக் கரையில ஒங்களுக்காக நிக்கும்."

மாமா சிரிக்கப் பார்த்தார். அதுவரை கல்லாக நின்ற அம்மா, தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இவ்வளவு நல்ல சேதிக்குப் போய் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.