அக்காவின் ஒரு நிமிடம்

அக்கா ஓர் ஓட்டலின் லாண்ட்ரியில் முப்பது வருடம் வேலை பார்த்தாள். விரல் நுனிகள் தேய்ந்துபோய், வருகைப் பதிவுக்குக் கைரேகை வைக்கும் மிஷின் அவளை ஏற்றுக்கொள்ளாமல் தினமும் அழிச்சாட்டியம் செய்யும். "நான் யாருன்னு அதுக்கே தெரியலடா" என்று சிரிப்பாள். படுக்கை விரிப்பை ஒரே உதறலில் மூலைக்கு மூலை பொருந்தும்படி மடித்துப் போடுவாள். அந்தக் கை வேறு யாருக்கும் வராது.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்கு ஓட்டலின் வரவேற்பு மேசைக்கு மாற வேண்டும் என்று ஆசை வந்தது. முழங்கால் வலி ஒரு காரணம். ஜன்னல் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. மேனேஜர் மறுக்கவில்லை. "பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசிக் காட்டுங்க, பாக்கலாம்" என்று இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்.

அன்று முதல் அக்கா போனும் கையுமாக ஆனாள். இலவச வீடியோ, ஏதோ ஓர் ஆப், அப்புறம் ஆங்கிலம் பழகுகிறவர்களின் ஆன்லைன் குழு. அந்தக் குழுவில் தினமும் ஒரு நிமிடம் எதையாவது பேசி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு நாலு வார்த்தை எழுதுவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசுவாள். பின்னால் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

நான் அச்சகத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிழை திருத்துகிறவன். மருந்துச் சீட்டை வாங்கினாலும் அதில் பிழை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். என் மனைவி எனக்கு வைத்த பெயர் சிவப்புப் பேனா. அக்கா பேசி அனுப்பியதை எனக்குப் போட்டுக் காட்டினாள்; கேட்டதும் கை குறுகுறுத்தது. நேரில் சொன்னால், 'வந்துட்டாரு பெரிய மேதாவி' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நானாகவே முடிவு செய்தேன். ஒரு பாலத்தின் படத்தைப் போட்டு, வேறு பெயரில் அதே குழுவில் சேர்ந்தேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. "யாரோ முன்னபின்ன தெரியாத மனுஷன்டா, மெனக்கெட்டுத் திருத்தித் தர்றாரு" என்று என்னிடமே வந்து சொன்னாள். "நல்ல ஆளா இருப்பாரு போல" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. அதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மூன்று பிழை எழுதியவன் ஒன்பது எழுதினேன். எண் போட்டுப் பதினேழு எழுதினேன். மற்றவர்கள் அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மை போட ஆரம்பித்தார்கள். அப்போதாவது நிறுத்தித் தொலைத்திருக்கலாம். நாற்பத்தொன்றாம் நாள், 'முதலில் கேட்கப் பழகுங்கள், பேசுவது பிறகு' என்று எழுதினேன். அக்கறையில் எழுதியதாகத்தான் நினைப்பு.

மறுநாள் அக்காவிடமிருந்து பதிவு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மேனேஜர் சொன்ன நாளில் அவள் லாண்ட்ரியை விட்டு நகரவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"எனக்கெல்லாம் எதுக்குடா அது? நாக்கு வளையல."

அதோடு சரி. நான்தான் அந்த ஆள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மென்று முழுங்கினேன். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் முழங்கால் முடியாமல் அக்கா வேலையை விட்டாள். பழைய போனை என்னிடம் நீட்டி, "உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு உன் பொண்ணுக்குக் குடு" என்றாள். அழிப்பதற்கு முன் அந்த நாற்பத்தொரு பதிவுகளையும் உட்கார்ந்து கேட்டேன். இந்தத் தடவை எண் போடவில்லை. ஒரு விரிப்புக்குள் குழந்தையின் ஒற்றைக் காலுறை கிடந்ததையும், அதை எடுத்துக்கொண்டு அவள் வாசல் வரை ஓடியதையும் ஒன்றில் சொல்லியிருந்தாள். எல்லாமே புரிந்தது. யாருக்கும் புரிந்திருக்கும். அவமானமாக இருந்தது.

முப்பத்தெட்டாவது பதிவு என்னைப் பற்றியது. என் தம்பிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் அவன் மட்டும் நான் பேசுவதைக் கேட்டுக் கேலியாகச் சிரித்ததே இல்லை என்று அக்கா தட்டுத் தடுமாறிச் சொல்கிறாள்.

அன்றும் அதைக் கேட்டவன்தான் நான். அந்த வாக்கியத்தில் இரண்டு பிழை என்று எழுதியிருக்கிறேன்.