லிஸ்பனில் ஏறிய பெயர்

எங்கள் வார்டில் யாராவது கையில் பையோடு காலை முதல் பஸ்ஸுக்கு நின்றால், போஸ்தியாவ் பரெட்டோ பக்கத்தில் போய் நின்று எங்கே பயணம் என்று கேட்பார். மட்காவ் டவுனில் பல் டாக்டரைப் பார்க்க என்று சொன்னால், எந்தப் பல் என்று கேட்பார். பையின் கனத்தைக் கண்ணாலேயே எடை போடுவார்.

அவர் மோப்பம் பிடித்ததெல்லாம் ஒரே விஷயத்துக்காக. கோவா இந்தியாவோடு சேர்வதற்கு முன்னால் இங்கே பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் லிஸ்பனில் பிறப்பைப் பதிந்துகொண்டால் போர்த்துகல் குடிமக்கள் ஆகிவிடலாம். அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் இங்கிலாந்தில் வேலை. இந்தியச் சட்டம் இரண்டு நாட்டுக் குடியுரிமைக்கு இடம் தராது. அதனால் பல வீடுகளில் புதுப் பாஸ்போர்ட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, வாக்காளர் அட்டையை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த நாட்டுக்காரன் என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது. கேட்கவும் முடியாது.

போஸ்தியாவ் மட்டும் கேட்டார். அதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் அப்பா போர்த்துகீசியர் காலத்தில் சந்தையில் நின்று கோஷம் போட்டதற்காகப் போலீசில் அடி வாங்கி, ஒரு காது கேட்காமல் வீடு திரும்பியவர். அவரிடம் பேச வேண்டுமென்றால் வலப்பக்கம் போய்த்தான் பேச வேண்டும் என்று நாங்கள் பையன்களாக இருந்தபோதே தெரியும். மகன் கப்பலில் சமையல்காரனாக உலகம் முழுக்கச் சுற்றினாலும், லிஸ்பன் துறைமுகத்தில் மட்டும் கரையில் கால் வைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வார். அதை யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை.

கப்பலை விட்டு வந்ததும் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். அப்போது எங்கள் வார்டு உறுப்பினர் எஸ்பெரான்சா குவாட்ரோஸ். நல்ல பெண்மணி, ஆற்றங்கரை வரை தெருவிளக்கு வந்தது அவளால்தான். அவள் பெயர் லிஸ்பனில் ஏறிவிட்டது என்று போஸ்தியாவ் மனு கொடுத்தார். அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் விசாரணைக்கு முந்தின நாளே எஸ்பெரான்சா வேட்புமனுவைத் திரும்பப் பெற்றாள். போட்டியில்லாமல் இவர் ஜெயித்தார். அன்றைக்குப் பிறகு மாதா கோயிலில் அவள் வலப்பக்க வரிசை, இவர் இடப்பக்க வரிசை.

இவர் மகள் வெலனி நர்ஸ் படிப்பு முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிறகு இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லம் விசா கொடுத்துக் கூப்பிட்டது என்று கிளம்பினாள். என் ஃபெனி சாராயக் கடையில் எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவர் எழுந்து போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் ஒவ்வொருவன் பல்லையும் எண்ணிப் பார்த்த மனிதர், மகளின் விசாவை ஒருமுறைகூட வாங்கிப் பார்க்கவில்லை.

பதவிக்கு வந்த இரண்டாவது வருடம் அவர் மேலேயே புகார் வந்தது. போஸ்தியாவ் பரெட்டோ போர்த்துகல் குடிமகன், பதவியில் இருக்கத் தகுதியில்லை என்று யாரோ தாலுகா அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். எழுதியவர் பெயர் இல்லை.

கிராம சபைக் கூட்டத்தில், சிலுவையின் மேல் கை வைத்து, அந்த நாட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சத்தியம் செய்தார். அதன் பிறகு அவருக்கு எல்லோர் மேலும் சந்தேகம். பாதிரியார் மேல், பஞ்சாயத்து எழுத்தர் மேல், தபால்காரன் மேல். என் மேலும்தான். நான் ஊற்றிய ஃபெனியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, மூடி திறக்காத பாட்டிலாகக் கேட்டு வாங்கினார். நாங்கள் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாட்சிக்கு வா என்று என்னை இழுத்துக்கொண்டு எஸ்பெரான்சா வீட்டு வாசலுக்குப் போனார். நீதானே எழுதினாய் என்று ஆரம்பித்து, கூடாத வார்த்தையெல்லாம் பேசினார். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கடைசித் துணிவரை கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"நான் எழுதல. எழுதணும்னு நெனச்சிருந்தா உன் பொண்ணு பிளேன் ஏறின அன்னைக்கே எழுதியிருப்பேன்."

"என் பொண்ணப் பத்தி உனக்கு என்ன பேச்சு?"

"என் பசங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க, போஸ்தியாவ். எப்படிப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? போ. போய் உன் வீட்டுல சோறு போடறவளக் கேளு."

நேரே தன் வீட்டுக்கு நடந்தார், நானும் கூடவே போனேன். சமையலறையில் அவர் மனைவி ரிதீனா கானாங்கெளுத்தி அரிந்துகொண்டிருந்தாள். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆமா. நான்தான் உன்கிட்ட கையெழுத்து வாங்கினேன். வீட்டு வரிப் பேப்பர்னு சொன்னேன்."

"எப்போ?"

"சவோ ஜுவாவ் திருநாளுக்கு முந்தி. நீ கண்ணாடிகூடப் போட்டுக்கல."

மகள் போக வேண்டுமென்றால் அப்பா பெயர் முதலில் லிஸ்பனில் ஏற வேண்டும், பிறகுதான் அவள் பெயர் ஏறும் என்று மட்காவ் தரகர் சொல்லியிருக்கிறார். பிறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கே பதிவாகிவிட்டது. பதிந்த நாளிலிருந்து அவர் அந்த நாட்டுக்காரர், அவருக்குத்தான் தெரியாது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டா நீ உங்கப்பன் காதப் பத்திச் சொல்லுவ. நான் என் பொண்ணப் பாக்கறதா, செத்துப்போன மனுஷனோட காதப் பாக்கறதா?"

அவர் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கிளம்பியபோது ரிதீனா மறுபடியும் மீனை அரிய ஆரம்பித்திருந்தாள்.

வக்கீல் அவருக்கு இரண்டு வழி சொன்னார். பிறப்பைப் பதிந்தது மட்டும் குடியுரிமை ஆகாது, நான் பாஸ்போர்ட் வாங்கவில்லை என்று வாதாடலாம். பதவிக்காலம் முடியும்வரை வழக்கு இழுக்கும், அதுவரை நாற்காலி அவருக்குத்தான். இல்லையென்றால், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று உண்மையைச் சொல்லலாம். அதைச் சொன்னால் அவர் பதிவு ரத்தாகும், அதோடு மகளுடையதும் சரியும். வெலனி அப்போது வயிற்றில் குழந்தையோடு இருந்தாள்.

விசாரணையன்று என் காரில்தான் போனோம். முதல் வழியைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் சுபாவத்துக்கு அதுதான் பொருந்தும். அதிகாரி பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றார். வக்கீல் வாயைத் திறப்பதற்கு முன்னால், "கையெழுத்து என்னோடதுதான். தெரிஞ்சுதான் போட்டேன்," என்றார். பதவியை அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

வக்கீல் என்னைப் பார்த்து முறைத்தார், ஏதோ நான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

ஊர் அவரை மெச்சவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை. சிலுவை மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் என்றார்கள். இவன் ஆரம்பத்திலிருந்தே லிஸ்பன் ஆள், தன்னை மறைக்கத்தான் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தான் என்றார்கள். ஊரில் உண்மை தெரிந்தவர்கள் நானும் ரிதீனாவும்தான். எஸ்பெரான்சா ஊகித்திருப்பாள். சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கு, "வாயத் தொறந்தா இனி உன் கடைப் படி ஏற மாட்டேன், அலெய்ஷ்," என்றார்.

இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். வாக்காளர் பட்டியலில் பெயரை அடித்தார்கள். பிறந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் அட்டை கேட்டு வரிசையில் நின்றார். போர்த்துகல் பாஸ்போர்ட் இல்லாமல் அந்த அட்டை கிடைக்காது என்று சொன்ன பிறகுதான், வேறு வழியில்லாமல் அதை வாங்கினார். அதை அரிசிக்குள் புதைக்கவில்லை, சாப்பாட்டு மேஜையில் திறந்தபடி போட்டுவைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு ரிதீனாதான் எடுத்து உள்ளே வைத்தாள்.

அவளோடு பேசுகிறார், சாப்பிடுகிறார். ஆனால் அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனால் இவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். வெலனி அழுதுகொண்டே கூப்பிட்டபோது, "குழந்தையப் பாரு," என்று மட்டும் சொன்னாராம். அங்கே வா என்று கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றுவிட்டார்.

இடைத்தேர்தல் வந்தது. எஸ்பெரான்சாவை நிற்கச் சொல்லிப் பலர் போய்க் கேட்டார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. யாரென்றே சரியாகத் தெரியாத ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் நின்றார்.

வாக்குப்பதிவு நாளில் மது விற்கக் கூடாது என்பதால் கடையைச் சாத்தியிருந்தேன். போஸ்தியாவ் வந்து படியில் உட்கார்ந்தார். எதிரே வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக்குள் போகிற ஒவ்வொருவரையும் பார்த்தார். இவனிடம் அந்தப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவளிடம் இருக்கிறது, இவன் அண்ணன் வாங்கிவிட்டான் என்று முணுமுணுத்தார். சொன்னதில் பாதி சரியாகத்தான் இருக்கும்.

"விடு போஸ்தியாவ். இனி உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு, "நீ போட்டுட்டியா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன். பஸ்ஸுக்கு நிற்பவனின் பையைப் பார்க்கிற மாதிரி என்னை உற்றுப் பார்த்தார். நான் எழுந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோதும் அவர் பார்வை என் மேல்தான் இருந்தது. விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கேட்காமலேயே விரலை நீட்டினேன். பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்.